வாயில் வைத்திருந்த பெயர்

முதலில் சத்தம்தான் வந்தது. காய்ந்த சுள்ளியை ஒருவர் பொறுமையாக ஒடித்துக்கொண்டே நடந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி, டிக், டிக், டிக் என்று வீட்டின் பின்பக்கமிருந்து கிளம்பி, மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களைச் சுற்றி, நாய்கள் கட்டியிருந்த பக்கமாக வந்து, அங்கே கொஞ்சம் நின்று, மறுபடி நடந்து, ஐபிலி தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த சமையலறைச் சுவரை ஒட்டியே வந்தது. ஒடிக்கச் சுள்ளி கிடைக்கிற ஊர் இல்லை அது. நுவாலிக் என்ற அந்தக் கரையோரக் குடியிருப்பு, மரங்கள் இதற்குமேல் வேண்டாம் என்று நின்றுவிட்ட எல்லைக்கும் வடக்கே, நடந்தால் பதினைந்து நாள் தள்ளிக் கிடந்தது. அதனால் ஐபிலிக்கு அது என்ன சத்தம் என்பதில் சந்தேகமே வரவில்லை. கரிபு மான் நடக்கும்போது கணுக்கால் நரம்பு எலும்பின்மேல் வழுக்கி ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொடுக்குப் போடும்; பனிப்புயலில் கண் தெரியாமல் போகும்போது ஒன்றையொன்று தவறவிடாமல் இருக்க அவற்றுக்கு வாய்த்த ஏற்பாடு. மந்தை அந்தப் பக்கம் வந்து பதினோரு வசந்தம் ஆகியிருந்தது. நாய்கள் ஏன் குரைக்கவில்லை என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் வாசலுக்கு வந்து, மரப்படியில் இடக்காலால் இரண்டு தட்டு, வலக்காலால் ஒரு தட்டு என்று ஒட்டியிருந்த பனியை உதிர்த்தது. அப்படித் தட்டுகிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான், அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

கதவைத் திறந்தான். படியில் ஒரு பெண் கரிபு, அந்தச் சாதியில் பெண்ணுக்கும் உள்ள கொம்போடு, நின்றது. சினை வயிறு தாழ்ந்திருந்தது. கழுத்தில் ஆரஞ்சு நிறப் பட்டை, பட்டையில் முப்பத்தொன்று என்ற எண். அது அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக எட்டி, அடுப்பில் கெட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தது.

"வாண்ணே," என்றான் ஐபிலி, ஒதுங்கி வழி விட்டு.

அவர் கொம்பைச் சாய்த்து, வலப்பக்கக் கிளையை முதலில் நுழைத்து, பிறகு இடப்பக்கத்தைத் திருப்பி, வருஷக்கணக்காக அந்த நிலையில் தலை இடித்துப் பழகியவர் மாதிரி உள்ளே வந்தார்.

அந்த ஊரில் பெயர் என்பது கூப்பிடுவதற்கு மட்டும் வைப்பது இல்லை. ஒருவர் இறந்தால் உடம்பு போகும், பெயர் போகாது. அது யாரிடமாவது போய் மறுபடி இருந்தாக வேண்டும். அடுத்து அந்தக் குடும்பத்தில் பிறக்கும் குழந்தையின் உச்சியில் வாய் வைத்து, இறந்தவரின் நெருங்கிய சொந்தம் அந்தப் பெயரை ஊதும். ஊதிய நிமிஷத்திலிருந்து அந்தக் குழந்தை அவர்தான். பெற்ற தாயே அதை அப்பா என்றோ அத்தை என்றோ கூப்பிடுவாள். எண்பது வயதுக்காரர் எதிரில் வந்தாலும் தவழ்கிற குழந்தைக்கு நடைபாதையை விட்டுக் கொடுப்பார், அது அவருடைய மாமனாராக இருக்கும் பட்சத்தில். குழந்தை பிறக்கும்வரை பெயரை யாரும் வெளியே சொல்லக் கூடாது. நெருங்கிய சொந்தம் அதை வாயிலேயே வைத்திருக்க வேண்டும். ஐபிலியின் அண்ணன் உமிக், நவம்பர் மாதத்து மெல்லிய ஐஸில் பனிவண்டியோடு உள்ளே போனபோது, உமிக்கின் மகள் லீத்தியா கல்யாணமாகாத பெண்ணாக இருந்தாள். ஆகவே பெயர் ஐபிலியிடம் வந்தது. சாப்பிடும்போதும் வைத்திருந்தான், தூங்கும்போதும் வைத்திருந்தான். சகோதரர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள், உமிக் மனைவியை இழந்தவர், ஐபிலி கட்டிக்கொள்ளாமலே நாற்பத்தெட்டு வயதைத் தொட்டவன். அதன்பிறகு அந்த வீட்டில் பேச ஆளும் இல்லை, பேசினால் தவறி விழுந்துவிடுமோ என்று வாயில் ஒரு பெயரும் இருந்தது. மூன்று வருஷத்தில் அவன் ஊரில் பேசிய வார்த்தைகளை ஒரு பையில் போட்டால் பை நிறையாது.

தவறு நடந்தது போன வருஷம் ஏப்ரலில். வனவிலங்குத் துறையிலிருந்து ஹெலன் என்ற பெண் ஒவ்வொரு வசந்தமும் ஹெலிகாப்டரில் வந்து, மேற்கே நாற்பது மைல் தள்ளிப் போகும் மந்தைமேல் வலை வீசி, பெண் கரிபுகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டுவாள். பட்டை செயற்கைக்கோளோடு பேசும். மந்தை எங்கே போகிறது, எத்தனை மிச்சம் என்று தெற்கே ஒரு திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஐபிலிக்கு அதில் ஒரு வேலை இருந்தது. வலையில் விழுந்த கரிபுவின் கண்ணைத் துணியால் மூடி, கழுத்தை மடியில் போட்டு, பட்டை பூட்டி முடிக்கும் நாலு நிமிஷமும் அதனிடம் மெதுவாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பயத்தில் இதயம் வெடித்துச் செத்துப்போகும் சாதி அது. முப்பது வரை நன்றாகத்தான் போயிற்று. பகல் முழுக்க, வானம் தெளிவாக இருக்கிறது, காற்று தெற்கே போகிறது, உனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சொல்லி, அவனிடம் இருந்த பேச்சு தீர்ந்துபோய்விட்டது. முப்பத்தொன்றாவதின் மூச்சு அவன் மடியில் வந்து வந்து நின்றது. பேசு, பேசிக்கொண்டே இரு என்று ஹெலன் திருகாணியை முடுக்கியபடியே சொன்னாள். அவன் வாயைத் திறந்தான். உள்ளே ஒரே ஒரு சொல்தான் பாக்கி இருந்தது. நெற்றிமேல் வாய் வைத்து அதைச் சொல்லிவிட்டான்.

மூச்சு திரும்பி வந்தது. துணியை எடுத்ததும் அது எழுந்து, அவனை ஒருதரம் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு நடந்து போயிற்று. மற்றவை எல்லாம் ஓடின. இது நடந்தது. ஐபிலி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது ஒரு வருஷம் கழித்து அது வந்து சமையலறையில் நிற்கும்போதும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. காலையில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, ஜன்னலோரம் நிற்கும் கரிபுவைப் பார்த்தாள், அதுவும் உமிக் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நிற்பதைப் பார்த்தாள், வானொலியில் வானிலை சொல்லும்போது அது மூக்கால் ஒரு அவநம்பிக்கைச் சத்தம் போட்டதைக் கேட்டாள், சரிதான் உமிக் வந்துவிட்டார் என்று ரொட்டி எடுத்துவரப் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் ஊரே வந்து போயிற்று. குழந்தைக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் கிடைத்ததில் ஏறிவிட்டார், உயிரோடு இருந்தபோதும் விமானத்தில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருப்பாரே என்று பேசிக்கொண்டார்கள். எப்படி வந்தார் என்று கேட்டவர்கள் குறைவு. எத்தனை நாள் இருப்பார், என்ன சாப்பிடுவார், ரொட்டியைத் தொடமாட்டேன் என்கிறாரே என்று கேட்டவர்கள்தான் அதிகம். பெண்கள் மேட்டுப் பக்கம் போய், பனியைக் கிளறி, சாம்பல் நிறப் பாறைப்பாசியைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து, போன தடவை உங்களைப் பார்த்தபோது தாடி இருந்தது என்று கேலி பேசியபடியே அவர் முன்னால் கொட்டினார்கள். கழுத்துக்குக் கீழே தொங்கிய வெள்ளை ரோமத்தைத் தடவி, இப்போதும் இருக்கிறதே என்றாள் ஒருத்தி.

லீத்தியா அன்று சாயங்காலம் வந்தாள். அவளுக்கு இப்போது கல்யாணம் ஆகி எட்டாம் மாதம். கதவருகே நின்று நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் வயிற்றில் ஒரு கையும் அந்த வயிற்றில் ஒரு கையும் வைத்தாள்.

"உங்களுக்கு எத்தனாவது மாசம்ப்பா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள், சிரித்துவிட்டு அவர் கழுத்துப்பட்டைமேல் முகத்தை வைத்து அழுதாள். அவர் அசையாமல் நின்று அழவிட்டார்.

உமிக் உயிரோடு இருந்தபோது விமான ஓடுதளத்தில் எரிபொருள் நிரப்புகிறவராக இருந்தார். ஆகவே செவ்வாயும் வெள்ளியும் விமானம் வரும் நேரத்துக்கு அவர் டிக் டிக்கென்று தெருவோடு நடந்து போய், பம்புக்குப் பக்கத்தில் நின்று, விசிறி சுற்றி ஓயும்வரை இருந்துவிட்டுத் திரும்பினார். விமானி முதல் தடவை ஏதோ கேட்க வாயெடுத்தான், இரண்டாம் தடவை கையசைத்தான், மூன்றாம் தடவை தாமதத்துக்கு அவரிடமே மன்னிப்புக் கேட்டான். ஊர் நாய்கள் அவர் வந்தால் எழுந்து நின்றன.

எல்லாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவர் தாகாக். அவர் வேட்டை மேலாண்மைக் குழுவின் தலைவர். ஏழு பேர் கொண்ட குழு. ஐந்து பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். இரண்டு பேர் தெற்கே நகரத்துக்குப் போய்விட்டார்கள், உமிக் ஐஸுக்குள் போய்விட்டார், பெயர் திரும்பி வராமல் ஒருவருடைய இடத்தில் வேறொருவரை உட்கார வைக்க அந்த ஊர் ஒத்துக்கொள்ளாது. மூன்று வருஷமாக நாலு பேர் மாதாமாதம் கூடி, தேநீர் குடித்து, கோரம் இல்லை, அதாவது கூட்டத்துக்கு ஆள் போதவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கலைந்தார்கள். தெற்கேயிருந்து வந்த கடிதம் மேஜையிலேயே கிடந்தது: மந்தை குறைந்துவிட்டது, வீட்டுக்கு ஒன்றே ஒன்று சுடலாம், அதுவும் ஆண் மட்டும், பெண்ணைத் தொடக்கூடாது, குழு இதை ஏற்கிறதா இல்லையா என்று. ஏப்ரல் கடைசிக் கூட்டத்துக்கு உமிக் போனார். தாகாக் வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை எழுதினார். ஏற்கிறவர்கள் என்றபோது இரண்டு கை, வேண்டாம் என்றபோது இரண்டு கை, எல்லாரும் உமிக்கைப் பார்த்தார்கள். அப்போது ஒரு உறுப்பினர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, விதிமுறை ஒன்று இருக்கிறது, தன் சொந்த நலன் சம்பந்தப்பட்ட விஷயத்தில் உறுப்பினர் ஓட்டுப் போடக்கூடாது, உமிக்கண்ணன் இப்போது இருக்கிற நிலைமையில் இது அவருக்குச் சொந்த விஷயம்தானே என்றார்.

"சுடப்படுறவர் போடக்கூடாதுன்னா, சுட்டுத் தின்கிற நாமளும் போடக்கூடாது," என்றார் தாகாக். "அப்புறம் யார்தான் போடறது, ஓநாயா?"

உமிக் கடிதத்தை முகர்ந்து பார்த்தார், ஓரத்தில் கொஞ்சம் தின்றார். அரசாங்கம் அனுப்பியது எதுவானாலும் முதலில் வேண்டாம் என்பவர் அவர் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதை எதிர்ப்பாகக் கணக்கு வைப்பதா, அல்லது கடிதத்தை ஏற்றுக்கொண்டதாகவே வைப்பதா என்று இருட்டே வராத அந்த வசந்தத்துச் சாயங்காலம் முழுக்கப் பேசி, அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். ஆனால் கோரம் இருந்தது. கோரம் இருந்தது என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார் தாகாக்.

அதற்குள் மந்தையும் வந்து சேர்ந்திருந்தது. உமிக்கின் பின்னால் தங்கள் வழியிலிருந்து நாற்பது மைல் விலகி வந்த இரண்டாயிரம் பெண் கரிபுகள், ஓடுதளத்துக்கு அப்பால் மேட்டில் நின்றுகொண்டு, ஊரைப் பார்த்தபடி பாசி கிளறிக்கொண்டிருந்தன. பதினோரு வருஷமாக டப்பா மாமிசம் தின்ற ஊர். ஜன்னலைத் திறந்தால் இறைச்சி நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் யாரும் துப்பாக்கியை எடுக்கவில்லை. கடிதத்துக்காக இல்லை, விருந்தாளியோடு வந்தவர்களை வாசலில் வைத்துச் சுடுவது மரியாதை இல்லை என்பதற்காக.

ஐபிலி அந்த நாட்களில் பேச ஆரம்பித்தான். காலையில் காற்று எந்தப் பக்கம் என்று சொன்னான், எந்த நாய்க்குக் கால் சரியில்லை என்று சொன்னான், கடையில் கண்டதைச் சொன்னான். அவர் ஜன்னலோரம் நின்று அசைபோட்டபடி கேட்பார், அல்லது கேட்காமல் இருப்பார், முன்பும் அப்படித்தான். சாயங்காலம் வெளியே போனவர் திரும்பும்போது படியில் இரண்டு தட்டு, ஒரு தட்டு. அந்தச் சத்தம் கேட்கும்வரை அவன் சாப்பிடமாட்டான். கேட்டபிறகு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும்போது, மூன்று வருஷமாகத் தான் சாப்பிட்டது சாப்பாடே இல்லை என்று தோன்றும்.

மே மாதம் பதினாலாம் தேதி லீத்தியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததிலிருந்து பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பி, யாரையோ தேடுவதுபோலக் கதவுப் பக்கம் பார்த்து அழுதது. நர்ஸ் வாயைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சொட்டு மருந்துக் குழாயால் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினாள். என்ன குறை என்று ஊருக்குத் தெரியும். தன் பெயர் வராத குழந்தை குடிக்காது. குடும்பத்தில் காத்திருந்த பெயர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொருவராக வந்து உச்சியில் ஊதிப் பார்த்தார்கள். தந்தைவழிப் பாட்டன், சின்ன வயதில் போன ஒரு மாமன், பிறந்தநாள் தெரியாத ஒரு பெரியத்தை. ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுக் குழந்தை இன்னும் கொஞ்சம் மெதுவாக அழுதது. அதற்கு வேண்டிய பெயர் ஐபிலியின் சமையலறையில் பாசி மென்றுகொண்டிருந்தது. ஒரு பெயர் இரண்டு உச்சியில் இருக்காது. கொடுத்தவர் திரும்ப வாங்கினால்தான் உண்டு. கொடுத்தவர் யார்? அவராகவே ஏறிக்கொண்டார் என்றுதானே ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. லீத்தியாவின் புருஷன் வீடு வீடாகப் போய், தவறிப்போய் யாராவது சொன்னீர்களா, தூக்கத்தில், ஜுரத்தில், எங்காவது என்று கேட்டான். ஐபிலியின் வீட்டுக்கும் வந்து கேட்டான். ஐபிலி தேநீர் ஊற்றிக் கொடுத்தான்.

தினம் போய்க் குழந்தையைப் பார்த்தான். எட்டு நாளில் அதன் முகம் ஒரு கிழவரின் முகமாகச் சுருங்கியது. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, இன்று ஒருநாள், நாளை சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருப்பான். படியில் தட்டுகிற சத்தம் கேட்கும்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை விமானத்தில் ஹெலன் வந்து இறங்கினாள். முப்பத்தொன்றாம் புள்ளி ஐந்து வாரமாக ஊருக்குள்ளேயே நிற்கிறது, செத்துப்போயிருக்க வேண்டும், யாரோ பட்டையைக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி வந்தவள், ஓடுதளத்திலேயே பம்பருகே நின்றவரைப் பார்த்தாள். அவரோடு நடந்து ஐபிலியின் வீட்டுக்கு வந்து, சமையலறையில் உட்கார்ந்து, குளிர்ந்துபோகும்வரை தேநீரைக் கையில் வைத்திருந்தாள். பிறகு நோட்டில் 'வீட்டுக்குள்' என்று எழுதினாள். அவள் பதினைந்து வருஷமாக அந்தப் பக்கம் வருகிறவள், கேட்கக் கூடாததைக் கேட்காமல் இருக்கக் கற்றிருந்தாள்.

"இவர் யார்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்," என்றாள். "ஆனா ஐபிலி, கன்று போடற இடத்துக்கு இன்னும் இருநூறு மைல் இருக்கு. பத்து நாள்ல ஆத்துமேல இருக்கற ஐஸ் உடைஞ்சிடும், அப்புறம் தாண்ட முடியாது. இவர் கிளம்பலேன்னா அந்த இரண்டாயிரமும் கிளம்பாது. ஓநாய் ஏற்கனவே மேட்டுக்குப் பின்னால வந்தாச்சு. விமானத்துலேர்ந்து எண்ணினேன்."

அவர் ஜன்னலோரம் நின்று, வயிற்றுக்குள் ஏதோ உதைத்ததில் பின்காலை மாற்றி வைத்தார். ஐபிலி எழுந்து, அங்கியை மாட்டிக்கொண்டு, லீத்தியாவின் வீட்டுக்குப் போனான்.

அவள் குழந்தையை மடியில் வைத்து, வாயில் குழாயால் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். வந்தவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான்தான் குடுத்தேன்," என்றான்.

குழாய் நின்றது.

"எப்போ?"

"போன வருஷம். பட்டை மாட்டுறப்போ. மூச்சு நின்னுடும்போல இருந்துது."

"யாருக்கு, அதுக்கா?"

அவன் யோசித்தான். "ரெண்டு பேருக்கும்."

லீத்தியா குழந்தையின் வாயோரத்தைத் துடைத்தாள். "ஒன்பது நாள் சித்தப்பா. தினமும் வந்து இதே நாற்காலில உக்காந்து பாத்துட்டுப் போனீங்க."

"அவர் வீட்ல இருக்கார் லீத்தியா. சாயங்காலம் ஆனா வாசல்ல சத்தம் கேக்குது."

"உங்களுக்கு மட்டும்தான் அண்ணனா? எனக்கு அப்பா இல்லையா அவர்?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "ஒருதரம் தண்ணிக்குள்ள போனார். இப்போ என் மடியிலேயே போகட்டும்னு விட்டிருக்கீங்க."

போகும்போது கதவைச் சாத்தக்கூட மறந்துவிட்டான்; அவள் எழுந்து வந்து சாத்திக்கொண்டாள்.

பெயரைத் திரும்ப வாங்க ஒரே வழிதான் உண்டு, அந்த ஊரில் அதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. கொடுத்த வாயே மூன்று தடவை மறுக்க வேண்டும். ஐபிலி வீட்டுக்குப் போனான், அவரை வெளியே கூப்பிட்டான். இரண்டு பேரும் தெருவோடு நடந்தார்கள். தாகாக் தன் வாசலில் நின்று பார்த்தார், அவனுடைய முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். ஓடுதளத்தைத் தாண்டினார்கள், மேட்டில் ஏறினார்கள். இரண்டாயிரம் கரிபுகளும் தலை நிமிர்ந்து வழி விட்டன. இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் விரல் சொடுக்குவதுபோல எங்கும் சத்தம். நடுவில் ஒரு பாறையருகே நின்று, ஹெலன் கொடுத்திருந்த திருகுச்சாவியால் கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கீழே போட்டான். பட்டை இருந்த இடத்தில் ரோமம் தேய்ந்து, தோல் வெளிறிக் கிடந்தது. அதைக் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் நீவினான். பிறகு நெற்றியில் வாய் வைத்தான்.

"நீ என் அண்ணன் இல்லை," என்றான்.

அவர் காதைத் திருப்பினார்.

"நீ என் அண்ணன் இல்லை."

தோள் முதல் பின்தொடைவரை ஒரு நடுக்கம், ஏரித் தண்ணீரில் காற்று ஓடுவதுபோல, ஓடி அடங்கியது. மூன்றாவதைச் சொல்லிவிட்டால் பிறகு எதைச் சொன்னாலும் கேட்பதற்கு ஆள் இருக்காது. ஐபிலி பாறையில் உட்கார்ந்துகொண்டான்.

நீ ஐஸுக்குள்ள போன அன்றைக்குக் காலையில் நான் முழிச்சுத்தான் இருந்தேன் என்றான். நீ கதவுகிட்ட நின்னு, வர்றியாடான்னு கேட்டே. கேட்டது காதுல விழுந்தது. முந்தின நாள் மண்ணெண்ணெய் டப்பாவை மூடாம விட்டது யாருன்னு நமக்குள்ள சண்டை, அதுல பேச்சு வார்த்தை இல்லை, அதனால தூங்கற மாதிரி கிடந்தேன். நீ கொஞ்ச நேரம் நின்னே. இரண்டாவது தடவை கேப்பேன்னு நினைச்சேன். கேட்டா எழுந்துக்கலாம்னு இருந்தேன். நான் ஐஸைப் பாத்து ஓட்டுறவன், நீ பாக்காம ஓட்டுறவன். வந்திருந்தா போகவிட்டிருக்கமாட்டேன். டப்பாவை மூடாம விட்டது நான்தான்.

இதை இப்படி ஒரே மூச்சில் சொல்லவில்லை. வெளிச்சம் பாறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகிற அளவு நேரம் ஆயிற்று. சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தான். முக்கியமான பேச்சு எது வந்தாலும் காதைச் சொறிந்துகொண்டு வேறெங்கோ பார்க்கிற பழக்கம் உமிக்குக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அவர் பின்காலைத் தூக்கி, கழுத்தை வளைத்து, காதுக்குப் பின்னால் நன்றாக, நிதானமாகச் சொறிந்துகொண்டார். பிறகு தலையைத் தாழ்த்தி அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"நீ என் அண்ணன் இல்லை," என்றான் ஐபிலி.

கையின் கீழ் அந்த நெற்றி வேறு நெற்றியானது. கண் அகன்றது, அகன்ற கண்ணில் ஒரு மனிதன் தெரிந்தான், இவ்வளவு பக்கத்தில் ஒரு மனிதனை அந்தக் கண் அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தது. மூக்குத் துவாரம் விரிந்தது. அது பின்னால் துள்ளி, பனியில் ஒருதரம் சறுக்கி, எழுந்து, ஓடியது. ஐபிலி வாழ்நாளில் எத்தனையோ கரிபு தன்னைக் கண்டு ஓடுவதைப் பார்த்தவன், சுட்டவன், உரித்தவன். ஒன்றுகூட இப்படித் தன் நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதில்லை. அது ஓட, பக்கத்தில் இருந்தவை ஓட, பிறகு மேடு முழுவதுமே எழுந்து வடக்கே திரும்பியது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று மேடு காலியாக. பெயர் வாயில் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரு வருஷம் வெளியே இருந்ததில் கொஞ்சம் பாசி வாசம் அடித்தது.

வாயைத் திறக்காமலே ஊருக்குள் நடந்தான். லீத்தியா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். குழந்தையின் உச்சியில் ஊதினான். அழுகை நடுவிலேயே அறுந்தது. குழந்தை மூக்கால் ஒரு சத்தம் போட்டது, திரும்பி, தாயின் மார்பைப் பிடித்து, மூச்சு முட்ட முட்டக் குடித்தது.

"மெதுவாப்பா," என்றாள் லீத்தியா. "யாரும் பிடுங்கிக்கல. மெதுவா."

ஐபிலி குனிந்து, அண்ணே என்று கூப்பிட்டான். குழந்தை அவன் பக்கம் பார்க்கவில்லை, அதற்கு வேலை இருந்தது. லீத்தியா அவனை உட்காரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றான். மாதக் கடைசிக் கூட்டத்துக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று தாகாக் வாசலில் வந்து சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு நடுவில் பால் கொடுக்க விதிமுறை இடம் கொடுக்குமா என்று லீத்தியாவின் புருஷன் கேட்டுக்கொண்டிருந்தான். இந்தக் குழந்தை வளரும், நடக்கும், அதன் அம்மாவின் வீட்டில் அதன் சாப்பாட்டைச் சாப்பிடும், வழியில் பார்த்தால் தம்பி என்று கூப்பிடும். அதற்குப் பேச்சு வர இன்னும் இரண்டு வருஷம் ஆகும். பேச்சு வந்தாலும் அது ஐபிலியின் வீட்டில் வந்து இருக்கப்போவது இல்லை.

வீட்டுக்கு வந்தான். ஜன்னலோரம் மிச்சமிருந்த பாசியைக் கூட்டிச் சாக்கில் அள்ளி வெளியே வைத்தான். கெட்டிலைத் தூக்கினான், காலியாக இருந்தது. வாளியைப் பார்த்தான், அதிலும் அடியில் ஒரு விரல் தண்ணீர்தான். ஐந்து வாரமாக அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் விருந்தாளிக்கென்று ஐஸ் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். இனி வரமாட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த கோடரியை எடுத்தான், அதன் முனையைக் கட்டை விரலால் தொட்டுப் பார்த்தான், சறுக்குவண்டியின் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, குடிதண்ணீருக்கு ஐஸ் வெட்ட ஏரிப் பக்கம் நடந்தான்.